காத் கண்ட மாளிகை

கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் சாலையின் ஹாரன் சத்தம் அடங்கிவிடும். 365 ஏக்கர் வளாகம். பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் பார்த்துப் பார்த்து வளர்த்த மரங்கள், அவற்றினடியில் மேயும் புள்ளிமான்கள். 1937இல் பாரிமுனைப் பக்கத்திலிருந்து கல்லூரி இங்கே குடிவந்தது. இங்குள்ள பழைய மூன்று விடுதிகளில் ஒன்றின் பெயர் செயின்ட் தாமஸ் ஹால். தென்சென்னையில் புனித தோமையாரின் பெயர் எங்கே காதில் விழுந்தாலும் யாரும் வியப்பதில்லை. ஒரு மலைக்கு அவர் பெயர், அதன் அடியிலுள்ள ரயில் நிலையத்துக்கு அவர் பெயர், மயிலாப்பூரை ஒட்டிய கடற்கரைப் பேட்டைக்கும் அவர் பெயர். ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய நூலில் இரண்டு விசித்திரமான கதைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்றில், செத்துப்போன ஒருவன் சொர்க்கத்தில் வீடு பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். இன்னொன்றில், கொலையுண்ட ஒரு பெண் நரகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கண்டதை வரிசையாகச் சொல்கிறாள். அந்த இரண்டு கதைகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு, தாம்பரத்தில் தொடங்கிப் பரங்கிமலை வழியே குன்றத்தூரில் முடிந்த பயணம் இது.

தாம்பரத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 1938 டிசம்பரில் இந்த வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. உலகின் பல மூலைகளிலிருந்தும் நானூறுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஹிட்லர் அதற்குள் ஆஸ்திரியாவை விழுங்கியிருந்தார். சீனாவில் ஜப்பானியப் படை முன்னேறிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் இங்கே கூடியவர்கள் வறுமை, பொருளாதாரம், திருச்சபையின் சமூகக் கடமை என்று பலவற்றையும் பேசினார்கள். ஜெர்மானியப் பிரதிநிதிகள் மட்டும் தனியாக ஓர் அறிக்கை கொடுத்தார்கள். புதிய உலக ஒழுங்கை அமைக்கும் சமூகத் திட்டம் எதையும் நடத்துவது திருச்சபையின் வேலை அல்ல, கிறிஸ்துவின் மறுவருகையை எதிர்நோக்கி நிற்பதே அதன் நிலை என்பது அதன் சாரம். சென்னையிலேயே பி. செஞ்சையா, வி. சக்கரை முதலான கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் அதே ஆண்டில் வேறொரு பார்வையோடு ஒரு நூலைக் கொண்டுவந்திருந்தார்கள். செஞ்சையாவுக்குப் புதிய படைப்பு என்பது இந்த மண்ணில், இந்த மனித உடம்பிலேயே தொடங்க வேண்டிய காரியம்.

உலக முடிவைக் கண்டவர்கள் இந்த உலகத்தில் என்ன செய்ய வேண்டும்? தாம்பரத்தில் எழுந்த அந்தக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. அதற்கு மிகத் தெளிவான பதில் ஒன்று அதே ரயில் பாதையில், சில நிலையங்கள் தள்ளி இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகிறது. 1931இலிருந்து இந்தத் தடத்தில் மின்சார வண்டி ஓடுகிறது. திரிசூலம் வரும்போது ஒரு பக்கம் குன்று, மறு பக்கம் விமான நிலையம். மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டினால் பரங்கிமலை. மலை என்று சொன்னாலும் உயரம் சுமார் 300 அடிதான். வண்டிகள் ஏறத் தனிச் சாலை இருக்கிறது. ஆனால் வேண்டுதல் உள்ளவர்கள் படியேறித்தான் போகிறார்கள். கீழே மெழுகுவத்தி வாங்கிய கையோடு செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. வழிநெடுகச் சிலுவைப்பாதை நிலைகள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்ட ஒரு பாட்டி, இறங்கி வந்த பையனிடம் கேட்டார்: "இன்னும் எவ்வளவு படி இருக்கு ராசா?" "பாதி தாண்டிட்டீங்க பாட்டி, மேல நல்லா காத்து வருது," என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான்.

இந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெத்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. மலைக்கு வரும் யாத்திரிகர்கள் ஆற்றைக் கடக்கவும் மலையேறவும் படும் பாட்டைப் பார்த்துச் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். அவர் 1751இல் இறந்தார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, பாரசீகத்தில் ஆர்மீனியர் வாழ்ந்த ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள் என்பது வரலாறு. அவர் சேர்த்த செல்வத்தில் இன்றும் சென்னைவாசிகளின் காலுக்கடியில் இருப்பது இந்தக் கற்கள்.

மேலே, போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பிய சின்ன ஆலயம். பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவைதான் இங்கே முக்கியம். 1547இல் அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டு விரிந்தாற்போல் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலே ஒரு புறா கீழ்நோக்கி இறங்குகிறது. சுற்றிலும் வளைவாக ஓடும் எழுத்து, ஈரானின் பழைய பஹ்லவி எழுத்து. 1873இல் ஏ.சி. பர்னெல் அதைப் படிக்க முயன்று கட்டுரை எழுதினார். அதன் பொருளைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கோட்டயத்து வலியபள்ளியிலும் இதே வகைச் சிலுவைகள் உண்டு. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் இந்தக் கல்லில் இரத்தம் வியர்த்தது என்றும், 1704 வரை அவ்வப்போது அப்படி நிகழ்ந்தது என்றும் சொல்லிவருகிறார்கள். அதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் கல்லின் முன் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இனி அந்தக் கதை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று துருக்கியில் உர்ஃபா என்று வழங்கும் எடெஸ்ஸா நகரத்தில், சிரியாக் மொழியில் எழுதப்பட்டதாக அறிஞர்கள் கருதும் நூல் 'தோமாவின் நடபடிகள்'. திருச்சபை அதை விவிலியத்தில் சேர்க்கவில்லை. இந்தியாவுக்குப் போக மறுக்கும் தோமாவை, ஹப்பான் என்ற வணிகனுக்கு இயேசுவே தச்சு வேலை தெரிந்த அடிமையாக விற்றுவிடுகிறார். ஹப்பான் அவரைக் கொண்டபோரஸ் மன்னனிடம் சேர்க்கிறான். "எனக்கு ஒரு மாளிகை கட்டித் தருவாயா?" என்கிறான் மன்னன். தோமா ஒப்புக்கொண்டு தரையில் ஒரு கோலால் திட்டம் வரைந்து காட்டுகிறார்: வாசல் எந்தத் திசை, சன்னல் எந்தத் திசை, தண்ணீர் எங்கே. மன்னன் மகிழ்ந்து பொன்னும் வெள்ளியும் கொடுத்தனுப்புகிறான். தோமா அத்தனையையும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்துவிடுகிறார். கட்டடம் எப்படி என்று ஆள் அனுப்பிக் கேட்கும்போது, மாளிகை முடிந்தது, கூரை மட்டும் பாக்கி என்கிறார். கூரைக்கும் பணம் வருகிறது. அதுவும் ஏழைகளுக்கே போகிறது.

மன்னன் நேரில் வந்து பார்த்தால் வெறும் நிலம். தோமாவைச் சிறையில் தள்ளி, உரித்து எரிக்கலாமா என்று யோசிக்கிறான். அண்ணனுக்கு நேர்ந்த அவமானம் தாங்காமல் தம்பி காத் படுத்த படுக்கையாகி அன்றிரவே செத்துப்போகிறான். தேவதூதர்கள் அவனை மேலே கொண்டுபோய் வீடுகளாகக் காட்டி, எதில் இருக்க ஆசை என்று கேட்கிறார்கள். ஒரு மாளிகையைப் பார்த்து, இதன் கீழ்த்தளத்தில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்கிறான் காத். இங்கே நீ தங்க முடியாது, இது உன் அண்ணனுக்காக அந்தக் கிறிஸ்தவன் கட்டியது என்று பதில் வருகிறது. என்னைத் திருப்பி அனுப்புங்கள், அண்ணனுக்கு விஷயம் தெரியாது, அவனிடமிருந்து இதை விலைக்கு வாங்கிவிடுகிறேன் என்று கெஞ்சுகிறான். பிணத்துக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது உயிர் வருகிறது. எழுந்து உட்கார்ந்ததும் அவன் கேட்கும் முதல் காரியம் வீட்டு விலைப் பேச்சு. மன்னனுக்கு அப்போதுதான் புரிகிறது. இதை விற்க மாட்டேன், உனக்கு வேண்டுமானால் அதே தச்சனிடம் இன்னொன்று கட்டிக்கொள் என்கிறான்.

ஆலயத்துக்கு வெளியே மதிலருகே நின்றால் விமான ஓடுபாதை முழுசாகத் தெரிகிறது. மடிப்பாக்கம், நங்கநல்லூர், ஆலந்தூர் என்று கண்ணெட்டும் தூரம் வரை வீடுகள், பாதி எழுந்த அடுக்குமாடிகள். கீழ்த்தளத்தில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று தவணை கட்டும் குடும்பங்கள் வாழும் இந்த ஊரில் காத்தின் ஆசையை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யூதர்களிடம் இதற்கு நெருங்கிய உறவுள்ள கதை ஒன்று இருக்கிறது. எடெஸ்ஸாவுக்குக் கிழக்கே இருந்த அதியபெனே நாட்டின் அரச குடும்பம் கி.பி. முதல் நூற்றாண்டில் யூத சமயத்தைத் தழுவியது. பஞ்ச காலத்தில் மோனபாஸ் மன்னன் கஜானாவையே திறந்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டான். முன்னோர்கள் சேர்த்ததை நீ அழிக்கிறாயே என்று சகோதரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கீழே சேர்த்தார்கள், நான் மேலே சேர்க்கிறேன் என்றான் மோனபாஸ். இந்தக் கதை தல்மூதில் இருக்கிறது. தோமாவின் கதையை எழுதியவர் அதைக் கேட்டிருக்கக்கூடும். பக்கத்து நாடு, பேசிய மொழிகளும் ஒரு குடும்பத்தவை.

அதே நூலில் வரும் நரகக் காட்சி இவ்வளவு இதமானதல்ல. ஓர் இளைஞன் நற்கருணை வாங்கியதும் அவன் கைகள் சூம்பிப்போகின்றன. தோமா விசாரித்தபோது, ஒரு பெண்ணைக் கொன்றதை ஒப்புக்கொள்கிறான். இறந்தவள் ஒரு சத்திரத்தில் கிடக்கிறாள். தோமாவின் சொற்படி அவனே அவள் கையைப் பிடித்து ஜெபிக்க, அவள் எழுகிறாள். அழுக்கு உடை உடுத்த கரிய உருவம் ஒன்று தன்னைப் பள்ளத்தாக்குகள் நிறைந்த இடத்துக்கு இழுத்துப்போனது என்கிறாள். ஒரு பள்ளத்தில் நெருப்புச் சக்கரங்களில் மாட்டிய ஆன்மாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. இன்னொன்றில் சேறும் புழுவும். அப்பால், நாக்கில் தொங்குகிறவர்கள், கூந்தலில் தொங்குகிறவர்கள், தலைகீழாகத் தொங்குகிறவர்கள். யார் எதற்காக என்பதையும் வழிகாட்டி ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கடைசியில் நாற்றம் வீசும் ஓர் இருட்டுக் குகை. ஆன்மாக்களை அடைத்துவைக்கும் இடம்.

இந்தக் குகைக்குப் பரம்பரை உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வரை பின்னால் போகும் ஏனோக்கு நூலில், மேற்கே ஒரு மலைக்குள் ஆன்மாக்களை வகை வகையாகப் பிரித்துவைக்கும் குழிகளை ஏனோக்கு பார்க்கிறார். நல்லவர்களின் குழியில் மட்டும் நீரூற்று உண்டு. அந்த நூலை முழுமையாகக் காப்பாற்றியது எத்தியோப்பியத் திருச்சபை. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி 1773இல் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். பிறகு சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் அதன் அரமேயத் துணுக்குகள் கிடைத்தன. தொங்கும் தண்டனைகள் பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் நூற்றாண்டு வெளிப்பாட்டு நூலிலும் வருகின்றன. அதன் கிரேக்கப் பகுதி ஒன்று 1880களில் எகிப்தின் அக்மீம் ஊரில் ஒரு கல்லறைக்குள் அகப்பட்டது. ஏனோக்கு நூலின் பிற்பகுதி இன்னும் கடுமையானது. பிறர் உழைப்பைச் சுரண்டி வீடு கட்டுகிறவர்களுக்கு ஐயோ என்கிறது. அவர்கள் வைக்கும் ஒவ்வொரு செங்கல்லும் அங்கே பாவக் கணக்கில் சேருகிறது.

இந்தக் காட்சிகள் மேற்கே அயர்லாந்து வரை போய், அங்கே புது இரத்தம் பெற்றன. கடலுக்கப்பால் சாவில்லாத தீவுகள் உண்டு என்று பாடிய கெல்ட்டிய மக்கள், கிறிஸ்தவர்களான பின்னும் பிரெண்டன் என்ற துறவியைப் படகேற்றி அந்தத் தீவுகளைத் தேட அனுப்பினார்கள். அயோனா மடத்துத் தலைவர் அதம்னானின் பெயரில் ஒரு சொர்க்க நரகக் காட்சி எழுதினார்கள். எல்லாவற்றிலும் மனத்தைப் பிடிப்பது துன்டேல் என்ற வீரனின் கதை. மார்க்கஸ் என்ற ஐரிஷ் துறவி 1149ஐ ஒட்டி ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்கில் அதை எழுதினார். துன்டேல் கார்க் நகருக்குப் போனதே, மூன்று குதிரைகளுக்கான கடனை வசூலிக்கத்தான். சாப்பாட்டுக்குக் கை நீட்டிய இடத்தில் விழுந்தான். புதன் முதல் சனி வரை பிணம்போல் கிடந்தான். இடப்பக்க நெஞ்சில் மட்டும் கொஞ்சம் சூடு இருந்ததால் புதைக்காமல் வைத்திருந்தார்கள். அதற்குள் அவன் ஆன்மா நரகத்தில் ஆணிகள் முளைத்த, ஒரு சாண் அகலப் பாலத்தில் நின்றது. உயிரோடிருந்தபோது திருடிய பசு அங்கே இருந்தது. அதைப் பாலத்தின் மேல் ஓட்டிப்போய் அக்கரை சேர்க்க வேண்டும். பசு நின்றால் அவன் விழுகிறான், அவன் நின்றால் பசு விழுகிறது. கண் விழித்ததும் துன்டேல் செய்த வேலை, தன் உடைமை முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்தது.

காத்துக்கும் துன்டேலுக்கும் நடுவில் ஒரு கண்டமும் பல நூற்றாண்டுகளும் இருக்கின்றன. இருவரும் மறுவுலகில் கண்டது இங்கே உள்ள சொத்துக் கணக்கைத்தான். மறுவுலகக் காட்சிகளை வெறும் பயமுறுத்தலாக, அல்லது துன்பத்திலிருந்து தப்பிக்கும் கனவாகப் பார்ப்பது பெரிய தவறு. அவற்றைச் சொன்னவர்கள், போனவனைக் கட்டாயம் திரும்ப அழைத்து வருகிறார்கள். திரும்பியவன் யாருக்கு எதைக் கொடுத்தான் என்பதில்தான் அவர்கள் கவனமெல்லாம். 1938 தாம்பரத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு தரப்பையும் காத்தின் இந்தப் பழைய கதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

வரலாற்றுக்கு உரிய கணக்கையும் சொல்லியாக வேண்டும். கொண்டபோரஸ் உண்மையான அரசன். முதல் நூற்றாண்டில் தட்சசீலப் பக்கம் ஆண்ட இந்தோ-பார்த்தியன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் அவன் நாணயங்கள் கிடைத்த பிறகே அறிஞர்கள் அந்தப் பெயரைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவதை நிறுத்தினார்கள். அந்த நூலில் மயிலாப்பூர் என்ற பெயரே இல்லை. தோமா மலை ஒன்றில் நான்கு வீரர்களின் ஈட்டிகளால் இறந்தார் என்று மட்டும் சொல்கிறது. அந்த மலை இதுதான் என்பது பின்னால் வளர்ந்த மரபு. மலபாரில் அதற்கு ஆழமான வேர் உண்டு. நூலின் முடிவில் ஒரு செய்தி: வேறொரு மன்னனின் மகனுக்குப் பேய் பிடிக்கிறது. தோமாவின் எலும்பைத் தேடிப்போனால் கல்லறை காலி. அங்கிருந்த மண்ணை எடுத்துப் பூசுகிறார்கள், குணமாகிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வந்த மார்க்கோ போலோ, தோமா இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப்போய்த் தண்ணீரில் கலந்து காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்ததை எழுதிவைத்தார்.

மலையில் வில்லியம் லாம்டனுக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1802 ஏப்ரலில் இந்த மலையடியிலிருந்துதான் அவர் 100 அடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளந்து, இந்திய நில அளவையின் பெரும் பணியைத் தொடங்கினார். பரலோகம் கண்டவர்களும் அளவைக்காரர்களே. எசேக்கியேலுக்குத் தேவாலயத்தைக் காட்டிய மனிதன் கையில் அளவுகோல் இருந்தது. திருவெளிப்பாட்டில் தூதன் பொற்கோலால் புதிய எருசலேமை அளக்கிறான், மதிலுக்கு 144 முழம். தாங்கள் கண்ட இடம் கனவு அல்ல, கால் வைக்கக்கூடிய இடம் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு உறுதி.

ஆலந்தூரில் மெட்ரோ மாறினால் சின்னமலை பக்கம். அங்கே தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகையில் ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். பின்னால் ஒரு நீரூற்று. கெபியில் எப்போதும் மெழுகுவத்தி எரிகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிண்டியில் ரயிலேறிப் பல்லாவரம் திரும்பி, பம்மல், அனகாபுத்தூர் வழியாகப் பேருந்தில் போனால் குன்றத்தூர்.

மலைமேல் முருகன் கோயில் இருப்பதால் கூட்டமெல்லாம் அங்கே. அடியில் இருப்பது சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்து பெரியபுராணம் பாடியவர். கும்பகோணத்துத் திருநாகேசுவரம் மேல் கொண்ட பக்தியால் அதே பெயரில் இங்கே ஒரு கோயிலும் கட்டினார். பரங்கிமலையில் கேட்ட கதையின் உடன்பிறப்பு அவருடைய நூலில் இருக்கிறது.

பூசலார் திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பொருள் தேடி அலைந்தார். ஒரு காசும் கிடைக்கவில்லை. சரி, மனத்திலேயே கட்டுவோம் என்று உட்கார்ந்தார். மனத்துக்குள் பொருள் சேர்த்தார், தச்சர்களைக் கூட்டினார், நல்ல நாள் பார்த்துக் கால்கோள் செய்தார். இரவிலும் கண் மூடாமல் வேலை வாங்கினார். விமானம் எழுந்தது, சுதை வேலை முடிந்தது, கிணறு, குளம், மதில் எல்லாம் ஆயின. குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் காடவர்கோன் பெரும் பொருள் கொட்டிக் கட்டிய கற்றளிக்கும் அதே நாள்தான் குறித்திருந்தது. அவனை இராசசிம்ம பல்லவன் என்றும், கோயிலைக் கயிலாசநாதர் கோயில் என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். முந்தின இரவு இறைவன் கனவில் வந்து, நாளை நின்றவூரில் பூசல் கட்டிய ஆலயத்துக்குப் போகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். மன்னன் விழுந்தடித்துக்கொண்டு நின்றவூர் போய், அந்தக் கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒன்று இங்கே இல்லையே என்றார்கள் ஊரார்.

தோமாவிடம் பணம் இருந்தது, அது ஏழைகளிடம் போனது. பூசலாரிடம் ஏழ்மைதான் இருந்தது. அங்கே செத்துத் திரும்பிய தம்பி மாளிகையைக் கண்டான், இங்கே உறங்கி எழுந்த மன்னன் கோயிலைத் தேடி வந்தான். எடெஸ்ஸாவிலும் தொண்டைநாட்டிலும், கதை சொன்னவர்கள் அரசனை வெறும் நிலத்தின் முன்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சேக்கிழார் கோயில் கட்டும் வசதியும் அதிகாரமும் உள்ள அமைச்சர், கட்டவும் செய்தவர். அவர்தான், காஞ்சியின் அரசக் கற்றளிக்குக் குறித்த நாளை ஒன்றுமில்லாதவரின் கோயிலுக்காகத் தள்ளிவைத்த கதையை இவ்வளவு ஆசையோடு பாடினார். பூசலாரைக் கண்டுபிடித்ததும் அந்தப் பல்லவ மன்னன் தரையில் விழுந்து வணங்கினான். தன் கோயில் எப்படி எழுந்தது என்பதைப் பூசலார் முதலிலிருந்து அவனுக்குச் சொல்லத் தொடங்கினார்.